பதக்கம் அவள் பெயரில், பத்திரம் யார் பெயரில்? ஒலிம்பிக் ஓட்டம் கென்யாவில் மாற்றியதும் மாற்றாததும்

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024இல் கென்யா 11 பதக்கங்கள் வென்றது. அவற்றில் தங்கம் நான்கு. அந்த நான்கில் மூன்றை இரண்டு பெண்கள் ஈட்டினார்கள். பியட்ரிஸ் செபெட் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் வென்றார். ஃபெய்த் கிப்யெகோன் 1,500 மீட்டரில் தொடர்ந்து மூன்றாவது ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றார். அந்தத் தூரத்தில் ஆண்களிலும் பெண்களிலும் வேறு எவரும் அதைச் செய்ததில்லை. 1996க்கு முன்பு ஒலிம்பிக் பதக்கம் வென்ற கென்யப் பெண் ஒருவர்கூட இல்லை. ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது.

அதே பாரிஸில் பெண்கள் மாரத்தானை 44ஆவதாக ஓடி முடித்தவர் ரெபெக்கா செப்டெகெய். அவர் உகாண்டாவுக்காக ஓடியவர். ஆனால் எல்லைக்கு இப்பால், கென்யாவின் டிரான்ஸ் நசோயா மாவட்டத்தில் எண்டெபெஸ் பகுதியில் நிலம் வாங்கி, வீடு கட்டி, அங்கேதான் வாழ்ந்தார். பந்தயம் முடிந்து மூன்றே வாரத்தில், செப்டம்பர் 1 அன்று, முன்னாள் துணைவர் அவர்மீது பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார். நான்கு நாள் கழித்து எல்டொரெட் மருத்துவமனையில் ரெபெக்கா இறந்தார். அதே தீயில் காயம்பட்ட அந்த ஆளும் சில நாட்களில் இறந்துபோனார். இருவருக்கும் இடையே அந்த வீடு நின்ற நிலத்தைப் பற்றித் தகராறு இருந்ததாக உள்ளூர் அதிகாரிகளின் அறிக்கை கூறியது.

விளையாட்டு சமூகத்தை மாற்றும் என்று ஒலிம்பிக் இயக்கம் தொடக்கத்திலிருந்தே சொல்லிவருகிறது. வளரும் நாடுகளைப் பற்றிப் பேசும்போது அந்த வாக்கியம் இன்னும் உரக்க ஒலிக்கும். கென்யாதான் எப்போதும் முதல் சான்றாக வந்து நிற்கும். அது பொய்யல்ல. ஆனால் பதக்கம் தானாக எதையும் மாற்றிவிடுவதில்லை. அது ஒரு குடும்பத்துக்குள் சம்பளத்தையும் ரொக்கத்தையும் கொண்டுவருகிறது. அந்த ரொக்கம் எப்படிச் சொத்தாகிறது, யார் பெயரில் சொத்தாகிறது என்பதை அந்தச் சமூகத்தின் பழைய வழக்கங்கள் முடிவுசெய்கின்றன. கென்யாவில் ஒலிம்பிக் ஓட்டம் எதை மாற்றியது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர் மைதானத்தைவிட நிலப் பதிவேட்டைப் பார்ப்பது நல்லது.

ஓட்டம் வேலையான கதை

கென்யாவின் புகழ்பெற்ற ஓட்டக்காரர்களில் பெரும்பாலானோர் மேற்குக் கென்யாவில் ரிஃப்ட் பள்ளத்தாக்கின் மேட்டுநிலங்களைச் சேர்ந்த கலென்ஜின் மக்கள். நண்டி, கிப்சிகிஸ், கெயோ, மராக்வெட் எனப் பல குழுக்கள் சேர்ந்த இனம் அது. நாட்டின் மக்கள்தொகையில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலான உயரம், மெலிந்த கால்கள், பள்ளிக்கு ஓடிய சிறுவர்கள் என்று இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. அவற்றில் எதற்கு எவ்வளவு எடை என்பது தனி வழக்கு. இங்கே நமக்கு வேண்டிய கேள்வி ஓடினால் என்ன கிடைத்தது என்பதுதான்.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் மேட்டுநிலத்தின் நல்ல மண் வெள்ளைக் குடியேறிகளுக்குப் போனது. எதிர்த்து நின்ற நண்டி மக்களின் தலைவர் கொய்டலெல் அரப் சமோய் 1905இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு, கால்நடை கவரச் செல்லும் இளைஞர்களின் துடிப்பை மைதானத்துக்குத் திருப்பிவிடலாம் என்று காலனி அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். பள்ளிகளிலும் காவல்துறையிலும் ராணுவத்திலும் ஓட்டப்பந்தயங்கள் தொடங்கின. அடக்கி வைப்பதற்கான ஏற்பாடாக வந்த ஒன்றை அந்த மக்கள் தங்கள் பிழைப்பாக மாற்றிக்கொண்டார்கள். இந்தக் கதையின் முதல் திருப்பம் அது.

கென்யா 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் முதலில் கலந்துகொண்டது. 1963 டிசம்பரில் விடுதலை. அடுத்த ஆண்டு டோக்கியோவில் 800 மீட்டரில் வில்சன் கிப்ருகுட் வென்ற வெண்கலம் நாட்டின் முதல் பதக்கம். 1968 மெக்சிகோ நகரில் ஒன்பது பதக்கங்கள் குவிந்தன. 1,500 மீட்டரில் கிப் கெய்னோ, 10,000 மீட்டரில் நஃப்தாலி தெமு, ஸ்டீபிள்சேஸ் தடை ஓட்டத்தில் ஏமஸ் பிவோட் ஆகியோர் தங்கம் வென்றார்கள். பிறந்து ஐந்து வயதுகூட நிறையாத நாடு, அமெரிக்காவின் ஜிம் ரியூனைப் பின்னுக்குத் தள்ளிய ஒரு காவலரைத் தன் முகமாக உலகுக்குக் காட்டியது. ஸ்டீபிள்சேஸில் அன்று தொடங்கிய ஆட்சி, கென்யா புறக்கணித்த இரண்டு ஒலிம்பிக்குகள் நீங்கலாக, 2016 ரியோ வரை ஒருமுறைகூடக் கைமாறவில்லை.

கெய்னோ காவல்துறையில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர் என்பதை மறக்கக் கூடாது. அந்தக் காலத்தில் ஒலிம்பிக் ஓட்டக்காரர் பரிசுப் பணம் வாங்க முடியாது. விளையாட்டைப் பணத்துக்காக ஆடக் கூடாது என்ற அமெச்சூர் விதி தடுத்தது. ஓட்டத்தின் பலன் வேலையாகத்தான் வந்தது. ராணுவம், காவல்துறை, சிறைத்துறை ஆகிய மூன்றும் நன்றாக ஓடுபவர்களைத் தேடிப் பிடித்து வேலைக்கு எடுத்தன. மாதச் சம்பளம், குடியிருப்பு, ஓய்வூதியம், பயிற்சிக்கு நேரம். மழையை நம்பி மக்காச்சோளம் விதைத்த குடும்பத்தில் ஒருவருக்கு நிலையான வருமானம் வந்தால் தம்பி தங்கைகளின் பள்ளிக் கட்டணம் கட்டப்பட்டது. பதக்கம் வாங்காதவருக்கும், மாவட்ட அளவில் நன்றாக ஓடியவருக்கும் இந்த வாசல் திறந்திருந்தது. சமூக மாற்றம் என்று பேசும்போது பலரும் தங்கம் வென்ற பத்துப் பேரைச் சொல்கிறார்கள்; சீருடை போட்ட ஆயிரக்கணக்கானோரின் சம்பளம்தான் அதைவிடப் பெரிய செய்தி என்பது என் எண்ணம்.

இன்னொரு வாசல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உதவித்தொகை. மைக் பாய்ட் 1972இல் 800 மீட்டரில் வெண்கலம் வென்று, பின்னர் அமெரிக்காவில் படித்து, நாடு திரும்பிப் பேராசிரியரானார். ஹென்றி ரோனோவின் கதை வேறு. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1978இல், 81 நாட்களுக்குள் நான்கு உலக சாதனைகளை முறியடித்தார். ஒலிம்பிக்கில் ஒருமுறைகூட ஓடவில்லை. தென்னாப்பிரிக்காவில் விளையாடிய நியூசிலாந்து ரக்பி அணியைக் கண்டித்து ஆப்பிரிக்க நாடுகள் 1976 ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. ஆப்கானிஸ்தான்மீது சோவியத் யூனியன் படையெடுத்ததைக் கண்டித்து அமெரிக்கா அழைத்த 1980 புறக்கணிப்பிலும் கென்யா சேர்ந்தது. முதல் புறக்கணிப்புக்கு இனவெறி எதிர்ப்பு என்ற நியாயம் இருந்தது. இரண்டுக்கும் விலை கொடுத்தவர்களில் ரோனோ ஒருவர்.

ரொக்கம் வந்தது, நிலமானது

1980களில் சர்வதேசத் தடகளச் சங்கம் பணம் பெறுவதற்கு மெல்லக் கதவைத் திறந்தது. முதலில் அறக்கட்டளை நிதி என்ற சுற்றுவழி, பிறகு வெளிப்படையான பரிசுத் தொகை. நியூயார்க், பாஸ்டன், லண்டன் மாரத்தான்கள் டாலரில் கொடுத்தன. ஒலிம்பிக் தங்கத்துக்கு நேரடிப் பணம் வெகுகாலம் குறைவுதான்; பாரிஸில்தான் உலகத் தடகள அமைப்பு முதல்முறையாகத் தங்கம் வென்றவருக்கு 50,000 டாலர் தந்தது. ஆனால் ஒலிம்பிக் தங்கம் பெற்றவரை மாரத்தான் நடத்துவோர் அதிகத் தொகை கொடுத்து அழைப்பார்கள், காலணி நிறுவனம் ஒப்பந்தம் போடும். பதக்கம் தன்னளவில் பணமில்லை. பணத்துக்கான அழைப்புக் கடிதம் அது.

அந்தப் பணம் எங்கே போனது? பெரும்பகுதி நிலத்துக்கு. ரிஃப்ட் பள்ளத்தாக்கில் நிலம் வெறும் முதலீடு அல்ல. தாத்தா காலத்தில் பறிபோனதை, விடுதலைக்குப் பிறகு யார் யாருக்கோ போய்ச் சேர்ந்ததை, பேரன் பந்தயப் பணத்தில் திரும்ப வாங்குகிறான். கறவை மாடு, தேயிலை, கோதுமை, எல்டொரெட் நகரில் வாடகைக் கட்டடம், பெட்ரோல் பங்க், தனியார் பள்ளி என்று ஓட்டக்காரர்களின் காசு பரவியது. ஒரு காலத்தில் விவசாயச் சந்தையூராக இருந்த எல்டொரெட்டுக்கு 2024 ஆகஸ்டில் மாநகர அந்தஸ்து கிடைத்தது. அதன் வளர்ச்சி முழுக்க ஓட்டத்தால் வந்தது என்று சொன்னால் மிகை. பல்கலைக்கழகமும் பெரிய மருத்துவமனையும் அங்கே உண்டு. ஆனால் இந்தக் கட்டடம் இன்ன வீரருடையது என்று ஊரார் கைநீட்டிக் காட்டக்கூடிய நகரம் அது.

பக்கத்தில் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் இட்டென் இன்னும் தெளிவான சான்று. 1976இல் அயர்லாந்திலிருந்து புனித பேட்ரிக் பள்ளியில் புவியியல் கற்பிக்க வந்த சகோதரர் கால்ம் ஓகானல், தடகளப் பயிற்சி எதுவும் பெறாதவர். அங்கேயே தங்கிவிட்டார். 1988இல் 1,500 மீட்டரில் தங்கம் வென்ற பீட்டர் ரோனோ முதல் 2012 லண்டனில் 1:40.91 என்ற உலக சாதனையுடன் 800 மீட்டரை வென்ற டேவிட் ருடிஷா வரை அவரிடம் பயின்றவர்கள். இன்று உலகம் முழுவதிலுமிருந்து ஓட்டக்காரர்கள் இட்டெனுக்கு வந்து தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். அறை வாடகை, சமையல், மசாஜ், வேகம் காட்டி முன்னே ஓடும் வேலை எனப் பலருக்குப் பிழைப்பு நடக்கிறது. மறுபக்கத்தில், விடியலில் அந்தச் செம்மண் பாதையில் ஓடும் கூட்டத்தில் மிகச் சிலருக்குத்தான் வெளிநாட்டுப் பந்தயம் கிடைக்கும். மற்றவர்கள் படிப்பை விட்டுவிட்டு, உறவினர் தயவில், சில ஆண்டுகள் காத்திருந்து வீடு திரும்புகிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை.

பெரும் பணம் திடீரென வந்து விழும்போது என்னாகும் என்பதற்கும் கென்யாவிலேயே கதை உண்டு. நியாஹுருருவைச் சேர்ந்த சாமுவேல் வஞ்சிரு பதினைந்து வயதில் ஜப்பான் போய்ப் பள்ளியில் சேர்ந்து ஓடியவர். 2008 பெய்ஜிங்கில் கென்யாவுக்கு முதல் ஒலிம்பிக் மாரத்தான் தங்கத்தை 2:06:32 என்ற ஒலிம்பிக் சாதனையுடன் வென்றபோது வயது 21. 2011 மே மாதத்தில், 24 வயதில், வீட்டு மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்துக்காகக் குடும்பத்தார் நீதிமன்றம் ஏறினார்கள். அதே நாட்டின் எலியுட் கிப்சோகே, இரண்டு ஒலிம்பிக் மாரத்தான் தங்கங்களுக்குப் பிறகும், கப்டகாட் முகாமில் மற்றவர்களோடு தங்கி, முறைபோட்டுக் கழிப்பறை கழுவுகிறார். தனிமனித குணத்தின் வேறுபாடாக மட்டும் இதைப் பார்க்க வேண்டியதில்லை. கப்டகாட்டில் முன்னாள் ஒலிம்பிக் வீரர் பேட்ரிக் சாங் என்ற பயிற்சியாளர், மேலாண்மை நிறுவனம், முகாம் ஒழுங்கு என்று ஓர் அமைப்பு அவரைச் சுற்றி இருக்கிறது. அப்படிப்பட்ட அமைப்பு இல்லாத இடத்தில் சொந்தபந்தம்தான் அமைப்பு.

பெண்கள் ஓடத் தொடங்கியபோது

1968 மெக்சிகோவுக்குக் கென்யப் பெண்களும் போனார்கள். பதக்கம் இல்லை. அதன் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெண்களின் ஓட்டம் பள்ளியோடு முடிந்தது. திருமணம், குழந்தை, வயல் வேலை. மணமகன் வீட்டார் பெண் வீட்டுக்குக் கால்நடை தரும் வழக்கமுள்ள சமூகத்தில், மகள் எப்படியும் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள். அவளைப் படிக்கவைப்பது நட்டம் என்று அப்பாக்கள் கணக்கிட்டார்கள்.

மேற்குப் பொகொட்டில் பெரிய பலதாரக் குடும்பத்தில் பிறந்த டெக்லா லொருபேயின் தந்தையும் அப்படித்தான் கணக்கிட்டார். பள்ளிக்கு நாள்தோறும் பல கிலோமீட்டர் ஓடிய அந்தப் பெண் 1994இல் நியூயார்க் மாரத்தானை வென்றார். ஆப்பிரிக்கப் பெண் ஒருவர் அதை வெல்வது அதுவே முதல்முறை. இரண்டு ஆண்டு கழித்து அட்லாண்டாவில் 5,000 மீட்டரில் போலின் கோங்கா வெள்ளி வென்று முதல் பதக்கக் கணக்கைத் தொடங்கினார். 2008 பெய்ஜிங்கில் 18 வயது பமீலா ஜெலிமோ 800 மீட்டரில் முதல் தங்கம். சில நாட்களில் 1,500 மீட்டரில் நான்சி லங்காட் இரண்டாவது. ஜெலிமோ அதே ஆண்டு கோல்டன் லீக் என்ற சர்வதேசத் தடகளத் தொடரில் தன் பந்தயங்கள் அனைத்தையும் வென்று பத்து லட்சம் டாலர் பரிசைத் தட்டிச் சென்றார்.

அப்பாக்களின் கணக்கு மாறியது. மகளைப் பயிற்சி முகாமுக்கு அனுப்புவது இப்போது வரவுப் பக்கத்தில் எழுதப்பட்டது. கசப்பாகத் தோன்றினாலும் உண்மை இதுதான்: பெண்ணின் உரிமையைப் பற்றிய போதனையைவிட, பெண்ணின் வருமானத்தைப் பற்றிய சான்று வேகமாக வேலை செய்தது. ஓட்டத்துக்காகத் திருமணம் தள்ளிப்போனது. காவல்துறையும் சிறைத்துறையும் பெண் ஓட்டக்காரர்களை எடுத்தன. ஒலிம்பிக் மாரத்தானில் இருமுறை வெள்ளி வென்ற கேதரின் ந்தெரெபா சிறைத்துறையில் இருந்தவர். குழந்தை பெற்றால் ஓட்டம் முடிந்தது என்ற எண்ணமும் உடைந்தது. 2018இல் மகளைப் பெற்ற கிப்யெகோன் மூன்று ஆண்டில் டோக்கியோவில் தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

ஆனால் முகாமுக்குள் என்ன நடந்தது என்று கேட்டால் கதை வளைகிறது. ஆண்களோடு தங்கிப் பயிற்சி பெறும் பெண், ஓடிவிட்டு வந்து சமைக்கவும் துவைக்கவும் வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டாள். அதைப் பட்டறிந்த ஓட்டக்காரர் லோர்னா கிப்லகாட், பெண்கள் ஓடவும் ஓய்வெடுக்கவும் இடம் வேண்டும் என்று 1990களின் இறுதியில் இட்டெனில் சொந்தப் பணத்தில் முகாம் தொடங்கினார். ஒரு முகாமை அப்படிச் சரிசெய்யலாம். வீட்டை?

பதினாறு பதினேழு வயதில் நன்றாக ஓடும் பெண்ணை அடையாளம் காண்பவர் பெரும்பாலும் வயதில் மூத்த ஆண். அவரே காலணி வாங்கித் தருகிறார், பேருந்துக் கட்டணம் கொடுக்கிறார், பயிற்சியாளராகிறார், பிறகு கணவராகிறார். முகவரோடு பேசுவதும் வங்கிக்குப் போவதும் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வதும் அவரே. அவள் ஐரோப்பாவில் பந்தயம் பந்தயமாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஊரில் நிலம் பேசி முடிப்பவரும் அவரே. பத்திரம் அவர் பெயரில் பதிவாவதில் அந்தச் சூழலில் யாருக்கும் வியப்பில்லை. காலங்காலமாக நிலம் ஆண் பெயரில்தான் இருந்தது. பரிசுப் பணம் புதிது. அது போய்ச் சேர்ந்த பாத்திரம் பழையது. ஓட்டம் நின்றதும், அல்லது அவள் கணக்குக் கேட்டதும், சண்டை தொடங்குகிறது.

ஆக்னஸ் டிரோப் 19 வயதில் உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன், உலகப் போட்டியில் இருமுறை 10,000 மீட்டர் வெண்கலம், டோக்கியோ ஒலிம்பிக் 5,000 மீட்டரில் நான்காமிடம், காவல்துறை ஊழியர். 2021 செப்டம்பரில் பெண்கள் மட்டும் ஓடும் 10 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் 30:01 என்ற உலக சாதனை. அடுத்த மாதம் 13ஆம் தேதி இட்டெனில் தன் வீட்டில் கத்திக்குத்துப்பட்டு இறந்து கிடந்தார். கணவர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது, அவர் மறுத்தார். டிரோப்பின் 26ஆவது பிறந்தநாளாக இருந்திருக்க வேண்டிய நாளில் அடக்கம் நடந்தது. ஆறு மாதத்தில், பஹ்ரைனுக்காக ஓடிய கென்யாவில் பிறந்த டமாரிஸ் முத்துவா அதே இட்டெனில் கொல்லப்பட்டார். 2024இல் ரெபெக்கா.

ஓட்டத்தால் பெண்கள் கொல்லப்பட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஓடாத எத்தனையோ பெண்களும் கென்யாவில் துணைவர்களால் கொல்லப்படுகிறார்கள். பெயர் தெரியாததால் அவர்கள் செய்தியாவதில்லை. ஒலிம்பிக் செய்தது வேறொன்று. வீட்டுக்குள் யார் சம்பாதிக்கிறார் என்பதைத் தலைகீழாக்கியது, யார் அதிகாரம் செலுத்துகிறார் என்பதைத் தொடாமல் விட்டது. இரண்டுக்கும் நடுவில் விழுந்த இடைவெளியில் வன்முறை நுழைந்தது.

இந்த இடைவெளியைப் பற்றி முதலில் உரக்கப் பேசியவர்களும் ஓட்டக்காரப் பெண்கள்தாம். டிரோப்பின் மரணத்துக்குப் பிறகு தோழிகளான வயோலா லகாட், ஜோன் செலிமோ முதலானோர் சேர்ந்து ‘டிரோப்ஸ் ஏஞ்சல்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதுவரை குடும்ப விவகாரம் என்று மூடி வைக்கப்பட்டதைப் பள்ளிகளிலும் முகாம்களிலும் பேசுகிறார்கள். ஒலிம்பிக் தந்த புகழ் இங்கே உருப்படியாகப் பயன்பட்டது என்பேன். கேமரா திரும்பிப் பார்க்கும் முகங்கள் பேசியதால்தான் அமைச்சகமும் தடகளச் சங்கமும் பதில் சொல்ல வேண்டிவந்தது.

ஓடினால் பகை தீருமா

லொருபே 2003இல் அமைதி அறக்கட்டளை தொடங்கி, பொகொட், துர்கானா, உகாண்டாவின் கரமோஜோங் இளைஞர்களை ஒரே பந்தயத்தில் ஓடவைத்தார். கால்நடைக்காகத் துப்பாக்கியால் சுட்டுக்கொள்ளும் குழுக்கள் இவை. காலனி அதிகாரி மேலிருந்து திணித்த அதே யோசனை, நூறாண்டு கழித்து அந்த மண்ணின் பெண்ணிடமிருந்து வேறு நோக்கத்தோடு வந்தது. சண்டை நின்றுவிடவில்லை, வறட்சியும் துப்பாக்கிச் சந்தையும் ஓட்டப்பந்தயத்துக்குக் கட்டுப்படாதவை. ஆனாலும் எதிராளியின் முகத்தை ஆயுதமில்லாமல் பார்க்க ஒரு நாள் கிடைத்தது.

அவருடைய பெரிய சாதனை இன்னொன்று. துர்கானாவில் 1992 முதல் இருக்கும் ககூமா அகதி முகாமில் ஓட்டக்காரர்களைத் தேடி, நைரோபிக்கு அருகே ங்கோங்கில் பயிற்சி தந்தார். 2016 ரியோவில் முதன்முதலாக இறங்கிய அகதிகள் அணியின் பத்துப் பேரில் ஐவர் ககூமாவிலிருந்து வந்த தென்சூடான் அகதிகள். அணியின் தலைவராக லொருபேயே சென்றார். அவர்களில் ஒருவரான யீச் பூர் பியெல் 2022இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் உறுப்பினரானார். முகாமில் இருக்கும் லட்சக்கணக்கானோருக்கு இதனால் வேலை செய்யும் உரிமையோ நடமாடும் உரிமையோ வந்துவிடவில்லை.

பதக்கம் தேசத்தை ஒன்றாக்கும் என்ற நம்பிக்கைக்கு 2007 டிசம்பர் தேர்தல் கடும் அடி. தேர்தல் முடிவை ஒட்டிக் கிளம்பிய கலவரத்தில் எல்டொரெட் பகுதி எரிந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் கென்யாவுக்காக ஓடிய லூகஸ் சாங் ஆண்டின் கடைசி நாளில் கொல்லப்பட்டார். மாரத்தான் உலக சாம்பியன் லூக் கிபெட் கல்லடி பட்டார். அந்தக் கலவரத்தின் வேரிலும் நிலம் இருந்தது: இந்த மண் யாருடையது, யார் வந்தேறி என்ற கேள்வி. எட்டு மாதம் கழித்து பெய்ஜிங்கில் வஞ்சிருவும் ஜெலிமோவும் வென்றபோது நாடு ஒன்றாகக் கொண்டாடியது. கொண்டாட்டம் உண்மைதான். கேள்வியும் அப்படியே இருந்தது.

அரசின் பங்கு

சுருக்கமாகச் சொன்னால் அரசு மேடையில் தெரிகிறது, மைதானத்தில் தெரிவதில்லை. எல்டொரெட்டில் கிப் கெய்னோ பெயரிலான அரங்கின் சீரமைப்பும், இட்டெனில் கமரினி மைதானத்தின் சீரமைப்பும் ஆண்டுக்கணக்கில் இழுத்தன; உலக சாம்பியன்கள் மண் தடங்களில் ஓடினார்கள். 2016 ஆகஸ்டில் ரியோ தொடக்க விழாவில், அனாதைக் குழந்தைகளை வளர்த்துப் பள்ளி நடத்தியதற்காக ஒலிம்பிக் லாரல் என்ற விருதின் முதல் பெறுநராகக் கெய்னோ நின்றார். அதே ரியோவுக்கு வந்த கென்ய அணியின் சீருடைகளும் பணமும் காணாமல்போன ஊழல் பின்னர் வெடித்தது. அப்போது தேசிய ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்த கெய்னோ மீதான வழக்கு கைவிடப்பட்டது. விளையாட்டு அமைச்சராக இருந்த ஹசன் வாரியோ 2021இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்.

ஊக்கமருந்து இந்தப் பொருளாதாரத்தின் இன்னொரு விளைச்சல். ஒரே ஒரு நல்ல பந்தயம் குடும்பத்தின் தலைவிதியை மாற்றிவிடும் என்றால், ஊசி போட்டுக்கொள்ளும் ஆசையும் அதே அளவு பெரிது. ரியோவில் பெண்கள் மாரத்தான் தங்கம் வென்ற ஜெமிமா சும்கோங் அடுத்த ஆண்டே சிக்கினார். 2022இல் நாடே சர்வதேசத் தடையின் விளிம்புக்குப் போனது. ஊக்கமருந்து ஒழிப்புக்கு ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் வீதம் ஐந்தாண்டு செலவழிப்பதாக அரசு உறுதி கொடுத்துத் தப்பித்தது. அந்தப் பணத்தில் எத்தனை மைதானங்களை முடித்திருக்கலாம் என்று கேட்பவர்களைக் குறைசொல்ல முடியாது.

சட்டம் எங்கே நிற்கிறது

கென்யாவின் 2010 அரசியல் சட்டம் திருமணத்தில் கணவன் மனைவிக்குச் சம உரிமை என்கிறது. 2013இல் வந்த திருமணச் சொத்துச் சட்டம், பிரியும்போது சொத்து அவரவர் பங்களிப்புக்கு ஏற்பப் பிரியும் என்கிறது. வீட்டு வேலை, குழந்தை வளர்ப்பு, வயல் வேலை ஆகியவற்றையும் பங்களிப்பாக ஏற்கிறது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், சம உரிமை என்றால் தானாகப் பாதிப் பாதி என்று பொருளல்ல, ஒவ்வொருவரும் தம் பங்களிப்பை நிரூபிக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது.

ஓட்டக்காரப் பெண்ணுக்கு இது ஒரு வகையில் சாதகம். நில ஆவணம் யார் பெயரில் இருந்தாலும், பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவளிடம் சான்று உண்டு: இன்ன தேதியில் இன்ன நகரத்தில் இத்தனையாவது இடம், இத்தனை டாலர் பரிசு, இன்ன வங்கிக் கணக்கு. உலகமே பார்த்த வருமானம் அது. வழக்கறிஞரை அமர்த்த வசதியும், தைரியமும், உயிரோடு இருக்கும் அதிர்ஷ்டமும் இருந்தால் அவளால் வெல்ல முடியும். இப்போது வரும் இளம் பெண்கள் சிலர் முதல் பரிசிலேயே நிலத்தைத் தம் பெயரில் பதிகிறார்கள் என்றால், மூத்தவர்கள் பட்டதைப் பார்த்துக் கற்றதுதான் காரணம்.

அதே ஊரில் அவளுடைய அக்கா இருபது ஆண்டுகளாகத் தேயிலை பறித்து, மாடு கறந்து, பிள்ளைகளை வளர்த்திருப்பாள். சட்டத்தின் பார்வையில் அதுவும் பங்களிப்புதான். ஆனால் அதற்கு ரசீது இல்லை, ஓட்ட நேரம் இல்லை, புகைப்படம் இல்லை. நீதிமன்றத்தில் எதைக் காட்டி அவள் தன் பங்கை நிரூபிப்பாள் என்பதற்கு ஒலிம்பிக் இயக்கத்திடமும் விடை இல்லை, நைரோபி நாடாளுமன்றமும் இன்னும் விடை எழுதவில்லை.